பெயரிலிருந்து எண்ணுக்கு

பரிசுச் சீட்டைப் பற்றி நம் எழுத்தில் வருகிற கதைகளை, நான் படித்த வரையில், இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். ஒன்றில் சீட்டு விழுகிறது. விழுந்தவன் குடித்து, கூத்தடித்து, உறவுகளை இழந்து, பழைய நிலைக்கும் கீழே போய்ச் சேருகிறான். மற்றதில் சீட்டு விழுவதேயில்லை. வாங்கியவன் வாங்கி வாங்கியே அழிகிறான். இரண்டுமே ஏழைக்குச் சொல்லப்படும் புத்திமதிகள். பணம் வந்தால் உனக்குத் தாங்காது என்கிறது முதலாவது. ஆசைப்படாதே என்கிறது இரண்டாவது. இரண்டிலும் சீட்டை அச்சடித்தவன் கதைக்குள் வருவதில்லை. அச்சகத்தையும் கஜானாவையும் வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் இவற்றை யதார்த்தம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

இதற்குத் துணையாக ஒரு கலாச்சார விளக்கமும் கைவசம் இருக்கிறது. தமிழன் ஊழை நம்புகிறவன், அதனால்தான் சீட்டு வாங்குகிறான் என்பது. சரித்திரம் இதற்குச் சாதகமாக இல்லை. பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டச் சீட்டு விற்கிற ஏற்பாட்டைச் செய்தவர்கள் கணக்குப் புத்தகத்தில் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதக் கற்றிருந்த ஐரோப்பிய வியாபாரிகள். இன்றைய பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் உள்ள நகரங்கள் 1440களிலேயே இதைச் செய்தன. 1445இல் ஸ்லைஸ் நகரம் தன் கோட்டைச் சுவர்களுக்காக 4304 சீட்டுகள் கொண்ட குலுக்கல் ஒன்றை நடத்தியது. விதியை நம்பியவர்கள் செய்த காரியமல்ல இது. எத்தனை பேர் விதியை நம்புவார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்தது.

நான் இங்கே சொல்ல முயல்வது ஒரே ஒரு விஷயம். குலுக்கி எடுப்பது என்ற காரியம் மனிதர்களின் பெயரைக் கொண்டு நடந்துகொண்டிருந்தது. பின்னர் அது எண்ணைக் கொண்டு நடக்கலாயிற்று. இந்த மாற்றத்தில் நடந்தது வெறும் வசதியல்ல. குடத்துக்குள் இருந்த மனிதன் வெளியே வந்து, குடத்துக்கு முன்னால் கைநீட்டி நிற்கிற வாடிக்கையாளன் ஆனான்.

பெயர் இருந்த குடத்துக்கு நமக்கு வெகு அருகிலேயே சாட்சி உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். கூடியிருப்பவர் எல்லோரும் பார்க்கும்படி வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, வேறு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் செய்தார்கள். மத்யஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசித்தான்.

இதைக் காட்டி, ஜனநாயகத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம்தான் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உற்சாகமில்லை. அது பிராமணர்களின் சபை. காணி நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம். வேலிக்கு வெளியே இருந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆனால் வேலிக்குள்ளே அந்தக் குடம் என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கியது. அண்மையில் பதவி வகித்தவனுக்கு மறுபடி உடனே இடம் தரவில்லை. பெயர் விழுந்தவனுக்குக் கிடைத்தது 360 நாள் வேலை: ஏரியைப் பார்த்துக்கொள்வது, தோட்டத்தைக் கவனிப்பது, பொன்னை மாற்றுப் பார்ப்பது. வேலை முடிந்ததும் அவன் இறங்கிக்கொள்ள வேண்டும். குடத்திலிருந்து விழுந்தது ஒரு சுமை.

இன்னும் பழைய சாட்சி அகநானூற்றின் 77ஆம் பாட்டில் இருக்கிறது. போர்க்களத்தில் இறந்து கிடப்பவனின் குடலைக் கழுகு இழுக்கும் காட்சிக்கு உவமையாக, கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தை உடைத்து ஓலையை வெளியே எடுக்கும் மனிதர்களைச் சொல்கிறார் மருதன் இளநாகனார். அந்தக் கவிஞனின் கண்ணில் இந்தக் காரியம் மங்கலமாகப் படவில்லை. உடலைக் கிழித்து உள்ளிருப்பதை வெளியே உருவுவதாகப் பட்டிருக்கிறது. தேர்தல் முறையைப் போற்றி எழுதப்பட்ட நம் பாடப்புத்தகங்களைக் காட்டிலும் இந்த உவமையில் அதிக விஷயம் இருக்கிறது.

பெயர் எண்ணாக மாறிய இடத்தை ஏறக்குறைய விரல் வைத்துக் காட்டிவிடலாம். அது ஜெனோவாக் குடியரசு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கும் ஆட்சி மன்றங்களுக்குக் குடவோலைதான். 120 பிரபுக்களின் பெயர்களை ஒரு கலசத்தில் இட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பெயர்களை எடுப்பார்கள். அந்தக் கலசத்துக்கு ‘செமினாரியோ’ என்று பெயர். நாற்றங்கால் என்று அர்த்தம். ஊழலையும் உட்பகையையும் தவிர்க்க ஏற்பட்ட முறை. ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் காணாத ஒன்று ஜெனோவாவில் நடந்தது. குடத்துக்கு வெளியே நின்றவர்கள், எந்த ஐந்து பெயர் வரும் என்று பணம் கட்டத் தொடங்கினார்கள். அரசு தடுத்துப் பார்த்தது. தடுக்க முடியாமல் போகவே 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைத் தானே குத்தகைக்கு விட்டுக் காசாக்கிக்கொண்டது. பெயர்கள் 120இலிருந்து 90 ஆயின. பந்தயம் கட்டுகிறவனுக்கு யார் அந்தப் பிரபு, அவன் நல்லவனா, கணக்குக் காட்டுவானா என்பதில் அக்கறை இல்லை. அவனுக்கு வேண்டியது வரிசை எண் மட்டும். ஆகவே பெயர் உதிர்ந்தது, எண் நின்றது. இத்தாலிய லோட்டோவில் இன்றும் 90 எண்கள், அவற்றில் ஐந்து எடுப்பு. செனட்டர்கள் போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நேப்பிள்ஸில் இதே ஆட்டம் இன்னொரு ரூபம் எடுத்தது. 90 எண்களுக்கும் 90 ஏழைப் பெண்களை இணைத்து, விழுந்த ஐந்து எண்ணுக்குரிய ஐவருக்கும் சீதனம் கொடுத்தார்கள். ஆட்சிக்கு வருகிறவரின் பெயர் இருந்த இடத்தில் தானம் பெறுகிறவளின் பெயர். மற்ற 85 பெண்கள் அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பின்னர் அங்கே கனவுகளை எண்ணாக மாற்றித் தரும் ‘ஸ்மோர்ஃபியா’ என்ற புத்தகம் புழக்கத்துக்கு வந்தது. கனவில் செத்தவன் வந்தால் 47, செத்தவன் பேசினால் 48, பயம் என்றால் 90. நம்மில் சிலர் கனவைக் கவிதையின் ஊற்றுக்கண் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நேப்பிள்ஸ் சந்துகளில் அதற்கு விலை வைத்து எண் போட்டு முடித்துவிட்டார்கள்.

கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் நீதிக்கதை சொல்கிறவனாகிவிடுவேன். 90இல் ஐந்து எடுக்கும்போது, ஒருவன் சொல்லும் இரண்டு எண்களும் வருவதற்கு வாய்ப்பு 400.5க்கு ஒன்று. இத்தாலிய லோட்டோ இதற்குத் தருவது 250 மடங்கு. நடுவில் உள்ள வித்தியாசம் அரசுக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும். இதில் ஊழுக்கு வேலையே கிடையாது. தனி ஒருவனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. கஜானாவுக்கு இருப்பது சராசரி.

இங்கிலாந்துக்கு வருகிறேன், அங்கிருந்துதான் இது நம்மிடம் வந்தது. எலிசபெத் ராணி 1566இல் ஆணை கொடுத்த முதல் அரசுக் குலுக்கல் 1569இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேற்கு வாசலில் நடந்தது. துறைமுகங்களைப் பழுது பார்ப்பதற்குப் பணம் வேண்டும். 4 லட்சம் சீட்டு, சீட்டு பத்து ஷில்லிங். கூலிக்காரன் எட்டிப் பார்க்க முடியாத விலை. விற்பனை படுத்துவிட்டது. எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு. சீட்டு எடுத்தவர்கள் தங்கள் பெயருக்குப் பதில் சிறு வாசகம் ஒன்றை, பெரும்பாலும் இரண்டு வரிப் பாட்டு, எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. ஜனவரியிலிருந்து மே வரை நடந்த அந்தக் குலுக்கலில் இந்த வாசகங்கள் வாசிக்கப்பட்டன. பெயர் போய் எண் வருவதற்கு நடுவே கொஞ்ச காலம் கவிதை இருந்திருக்கிறது. அது நிலைக்கவில்லை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எண்களின் காலம். 1694இல் பிரான்ஸோடு நடந்த யுத்தத்துக்காகப் பத்து லட்சம் பவுன் திரட்ட ஒரு குலுக்கல். 1753இல் இன்னொன்று: மூன்று பவுன் விலையில் ஒரு லட்சம் சீட்டு, இரண்டு லட்சம் பவுன் பரிசுக்கு, மிச்சத்தில் பிறந்தது பிரிட்டிஷ் மியூசியம். நம் கல்வெட்டுப் படிகளையும் செப்பேடுகளையும் தேடி அறிஞர்கள் போய் நிற்கும் அந்த மண்டபத்தின் அஸ்திவாரத்தில் விழாத சீட்டுகள் கிடக்கின்றன.

லண்டனில் குடத்தின் இடத்தைப் பெரிய சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. ஒன்றில் எண்கள், மற்றதில் பரிசும் வெற்றும். எடுக்கிற கை மட்டும் மாறவில்லை. அதே பாலன்தான். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற தர்மப் பள்ளியின் நீலக்கோட்டுப் பையன்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். 1775இல் ஒரு பையனுக்கு லஞ்சம் கொடுத்துச் சீட்டை ஒளித்து வைக்கச் செய்த விவகாரம் வெளியே வந்தது. உடனே கஜானா அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள்: பையன்களின் சட்டைப் பையைத் தைத்துவிட வேண்டும், கைகளைச் சோதிக்க வேண்டும், இடது கையைப் பின்னால் கச்சைக்குள் செருகிக்கொள்ள வேண்டும், வலது கையை விரல்கள் விரிந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். உத்திரமேரூரில் விரல்களை விரித்தவன் மத்யஸ்தன். விவரம் தெரிந்தவன், பொறுப்புள்ளவன். எண்ணூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு லண்டனில் விரல்களை விரித்தது ஒரு பையன். சந்தேகம் அதிகாரத்திலிருந்து இறங்கிக் குழந்தையின் மீது உட்கார்ந்துகொண்டது. சரித்திரத்தில் நான் கண்ட சோகமான உருவங்களில் இதுவும் ஒன்று: பை தைக்கப்பட்டு, ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை விரிந்து, தன்னுடையதல்லாத அதிர்ஷ்டங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் பையன்.

முழுச் சீட்டு வாங்க முடியாத ஜனங்கள் அங்கே என்ன செய்தார்கள்? இன்ன எண் இன்று வருமா என்று சில்லறைக் காசு கட்டினார்கள். இதற்கு ‘இன்ஷ்யூரன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1808இல் பார்லிமெண்ட் கமிட்டி இதை விசாரித்துக் கண்டித்தது. 1826 அக்டோபர் 18ஆம் தேதி நடந்ததோடு இங்கிலாந்தில் அரசுக் குலுக்கல் நின்றது. ஒழுக்கம் வென்றதாக எழுதினார்கள். 1994இல் தேசிய லாட்டரி என்ற பெயரில் அது திரும்பி வந்தது. ஒழுக்கம் கஜானாவின் வசதியைப் பொறுத்து வந்து போகிற விருந்தாளி.

லண்டனில் நின்ற பிறகும் கல்கத்தாவில் நிற்கவில்லை. அந்த ஊர் டவுன்ஹால் 1813இல் எழுந்தது குலுக்கல் பணத்தில். 1817இல் ஏற்பட்ட லாட்டரி கமிட்டி ஸ்ட்ராண்ட் ரோடு முதலான பல தெருக்களைப் போட்டு, குளங்களை வெட்டியது. 1836 வரை இது நடந்தது. வரி போட்டால் வெள்ளைக்காரனும் கொடுக்க வேண்டும். சீட்டு போட்டால் விரும்புகிறவன் கொடுத்தால் போதும். 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அரசின் அனுமதியில்லாத லாட்டரிக்கு ஆபீஸ் நடத்தினால் தண்டனை. செய்கை ஒன்றுதான். முத்திரை இருந்தால் வருமானம், இல்லாவிட்டால் குற்றம். சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் இந்தப் பாகுபாட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. அரசு நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் 40ஆவது இனம். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம்.

கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையின் நிதி மந்திரி பி.கே. குஞ்ஞு இதைக் கொண்டுவந்தார். 1967 நவம்பர் 1ஆம் தேதி முதல் சீட்டு, விலை ஒரு ரூபாய். 1968 குடியரசு தினத்தன்று குலுக்கல், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் அண்ணாதுரையின் ஆட்சியில் 1968இல் வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகமும் கூடவே வந்தது. தமிழில் அரசு எழுதிய வாசகங்களில் இதைவிடக் கச்சிதமானது வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எதுகையும் மோனையுமாக இரண்டு தட்டும் சமமாக நிற்கிறது. அந்தச் சமம்தான் மோசடி. ஒரு தட்டில் ஒருவன். மறு தட்டில் லட்சக்கணக்கானவர்கள். வாசகத்தில் இரண்டுக்கும் ஒரே எடை. இன்னொன்று: வரி என்றால் ஏன் என்று கேட்கலாம். நாட்டுக்குத் தியாகம் என்று சொல்லிவிட்டால் யாரிடம் கேட்பது?

எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளில் பலகை கட்டி, சீட்டுகளைக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டு, குழாய் ஒலிபெருக்கியில் நாளை குலுக்கல் நாளை குலுக்கல் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நாளை’ என்ற சொல்லை இத்தனை பேர் இத்தனை சத்தமாக வேறு எதற்காகவும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் பாஷையில் சீட்டு என்ற சொல்லுக்கு வேறு வாழ்க்கைகளும் இருந்தன. சாமி முன்னால் போட்டு எடுக்கும் திருவுளச் சீட்டு: அதில் பணமில்லை, ஒரு முடிவு மட்டும். குலுக்குச் சீட்டு: இருபது பேர் சேர்ந்தால் இருபது பெயரும் குடத்தில். மாதம் ஒரு பெயர் வரும். எடுத்தவர் பெயர் மறுபடி உள்ளே போவதில்லை. கடைசிப் பெயருக்கும் பணம் உண்டு. முந்துவது யார் என்பதை மட்டுமே அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் இதைக் கட்டி வளையல் செய்துகொண்ட பெண்களின் கணித அறிவை நம் நிதி மந்திரிகள் யாரும் பாராட்டியதில்லை. பெயர் உள்ளே இருக்கிற குடத்தில் தோற்கிறவன் இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம்.

பரிசுச் சீட்டில் நாம் வாங்குவது என்ன என்ற கேள்வி ஒருமுறை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டுக்கு விற்பனை வரி போட்டது. சீட்டு ஒரு சரக்கா? 1985இல் எச். அன்ராஜ் வழக்கில் நீதிபதிகள் சீட்டை இரண்டாகப் பிளந்தார்கள். குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை ஒன்று, விழுந்தால் பரிசு பெறும் உரிமை மற்றது. முதலாவது கையில் இப்போதே இருப்பது, ஆகவே சரக்கு என்றார்கள். 2006இல் சன்ரைஸ் அஸோஸியேட்ஸ் வழக்கில் பெரிய பெஞ்சு இதை மாற்றியது. இரண்டையும் பிரிக்க முடியாது, வாங்குவது பரிசுக்கான வாய்ப்பை மட்டுமே, காகிதம் அதற்கு அத்தாட்சி என்றது. செகாவ் இந்த வழக்கை 1887இலேயே விசாரித்துவிட்டார். ‘லாட்டரிச் சீட்டு’ என்ற கதையில் கணவன் பேப்பரில் வரிசை எண் பொருந்துவதைப் பார்க்கிறான். சீட்டின் எண்ணைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறான். அந்தச் சில நிமிஷத்தில் அவனும் மனைவியும் பணத்தைச் செலவு செய்து முடித்து, ஒருவரை ஒருவர் வெறுக்கவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். எண் பொருந்தவில்லை. ஆனால் வெறுப்பு விழுந்துவிட்டது. கலந்துகொள்ளும் உரிமை என்பது வெறும் காகிதமல்ல, அது மனிதனுக்குள் வேலை செய்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். போர்ஹெஸின் 1941ஆம் வருஷத்து பாபிலோன் கதையை நம் வட்டத்தில் பிரபஞ்ச உருவகமாகவே பேசி வருகிறோம். லாட்டரி நடத்தும் கம்பெனி கடைசியில் அரசாங்கமாகவே ஆகிவிடுகிற அந்தக் கதையை ஜெனோவாவின் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் உருவகம் பெருமளவு கரைந்துவிடும்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுக்க மாட்டேன். சைக்கிளில் விற்றுக்கொண்டிருந்த ஊனமுற்றவர்கள் பலர் பிழைப்பிழந்தார்கள் என்பதும் உண்மை. ஆட்டம் போகவில்லை. பக்கத்து மாநிலத்தில் வெளியாகும் முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து ‘மூணு நம்பர்’ நடக்கிறது, போலீஸ் பிடிக்கிறது, மறுபடி நடக்கிறது. ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது என்று 1998இன் மத்தியச் சட்டம் சொல்கிறது. லண்டன் ஏழைகளின் ‘இன்ஷ்யூரன்ஸ்’தான் இது. இங்கே காகிதம்கூட இல்லை. பெயர் உதிர்ந்து எண்ணானது. எண்ணும் தேய்ந்து மூன்று இலக்கமாகி, ஒற்றை இலக்கமாகிக்கொண்டிருக்கிறது.

‘வீடு’ என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் அர்த்தம். விழுந்தால் வீட்டுக்கு என்பது அந்த அர்த்தத்தில் ஒரு மனிதனுக்கு நடந்திருக்கிறது. 1799இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வெஸி என்ற கறுப்பு அடிமைக்கு, தெருப் போடுவதற்காக நடத்திய குலுக்கலில் 1500 டாலர் விழுந்தது. 600 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே வாங்கிக்கொண்டான். மனைவியையும் பிள்ளைகளையும் வாங்க முடியவில்லை. இருபத்துமூன்று வருஷம் சுதந்திர மனிதனாகத் தச்சு வேலை செய்தான். 1822இல் அடிமைகளின் கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி அவனைத் தூக்கிலிட்டார்கள்.

நம் நீதிக்கதைகளின்படி பார்த்தால் இவனும் சீட்டு விழுந்து அழிந்தவன்தான். ஆனால் இவன் குடிக்கவில்லை, கூத்தடிக்கவில்லை. பரிசு விழுந்த பின்னும், விழாதவர்களோடேயே நின்றிருக்கிறான். ஒருவனுக்கு மட்டும் விழுகிற விடுதலை போதாது என்று கண்டவனை எந்த அரசும் விளம்பரத்தில் போடாது. தமிழில் அவனை எழுதப்போகிறவன், சீட்டை அச்சடித்தவனையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.